ஸ்டேஷன் பதிவேடும் சர்வர் லாக்கும்

(செங்கோட்டையில் மாணவர்களும் மென்பொருள் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மென்பொருள் தொழிலில் யாரும் மேடை போட்டுப் பேசாத ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். செயலியின் முகப்பைப் பற்றிப் பேச ஆள் உண்டு, வேகத்தைப் பற்றிப் பேச ஆள் உண்டு, செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தச் செயலி ஓடும்போதெல்லாம் 'இன்ன நேரத்தில் இன்னது நடந்தது' என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகிறதே, அந்த லாக்கைப் பற்றிப் பேசுபவர் குறைவு. அதை எப்படி எழுத வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாக்கை வாக்கியமாக எழுதாதீர்கள். கட்டம் கட்டமாக எழுதுங்கள். மனிதர் படிக்கும் முன்பே இயந்திரம் படித்துப் பிரித்துக் கொடுக்கும்படி எழுதுங்கள். எழுதும் நேரத்தில் விட்டுப்போனதை எந்தக் கருவியாலும் பிறகு கொண்டுவர முடியாது.

இதைச் செங்கோட்டையில் பேசக் காரணம் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2011-இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானது. அதே நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் பொருள்களில் ஒன்றின் பெயர் ஈவென்ட்லாக் அனலைசர். பல நிறுவனங்களின் சர்வர்கள் எழுதித் தள்ளும் லாக்குகளைத் திரட்டுவதும், பிரிப்பதும், கேட்டதைத் தேடித் தருவதும்தான் அதற்கு வேலை. ஸ்பிளங்க், எலாஸ்டிக்சர்ச், கிராஃபானாவின் லோக்கி என்று இந்த வேலைக்கு உலகச் சந்தையில் இன்னும் பல பெயர்கள் உண்டு. அந்தக் கருவிகளுக்குத் தீனி போடும் வரியை எழுதுகிறவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் அவர்களிடமே நேராகப் பேசலாம் என்று வந்தேன்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜூலை மாதம், சனிக்கிழமை. சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லை. ஒரு விடுதி, அறை பதிவு செய்யச் செயலி வைத்திருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு ஒருவர் வந்து வரவேற்பு மேசையில் நிற்கிறார். "ஐயா, 2,800 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டது, அறை இல்லை என்கிறீர்களே" என்கிறார். கைக்குழந்தை அழுகிறது. மேசையில் இருப்பவர் செயலியைப் பராமரிக்கும் பெண்ணுக்குப் போன் போடுகிறார். அவர் லாக்கைத் திறக்கிறார். அங்கே இப்படி ஒரு வரி:

புக்கிங் சேவ் ஆகவில்லை, பேமென்ட் வந்தது, மறுபடி முயற்சி செய்கிறோம் - முருகன்

எந்த முருகன்? இந்த மாவட்டத்தில் முருகன் என்ற பெயருக்குப் பஞ்சமா? எவ்வளவு தொகை, எந்த அறை, எத்தனையாவது முயற்சி, கடைசியில் சேவ் ஆனதா இல்லையா? ஒன்றுக்கும் பதில் இல்லை. சரி, இன்று இப்படி மொத்தம் எத்தனை பேருக்கு நடந்தது என்று எண்ணலாம் என்றால், 'சேவ் ஆகவில்லை' என்று தேட வேண்டும். இன்னொரு இடத்தில் வேறொரு டெவலப்பர் 'பதிவு தோல்வி' என்று எழுதியிருப்பார். மூன்றாமவர் 'புக்கிங் ஃபெயில்டு' என்று எழுதியிருப்பார். மூன்றையும் தேடிக் கூட்டினாலும் நான்காவது ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும். இந்த வாக்கியங்களைப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் இரவு போய்விடும். அடுத்த மாதம் யாராவது வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் அதுவும் உடையும்.

இப்போது அதே நிகழ்ச்சியை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். கட்டத்தின் பெயர்களைப் பழக்கத்தில் ஆங்கிலத்தில்தான் வைப்போம். இங்கே எல்லோருக்கும் புரியவேண்டும் என்று தமிழில் தருகிறேன்:

{"நேரம்": "2025-07-12 19:42:08.317 +05:30", "நிலை": "பிழை", "நிகழ்வு": "அறை_பதிவு_தோல்வி", "கோரிக்கை_எண்": "7க3ப91", "பதிவு_எண்": "4471", "யுபிஐ_எண்": "519319204816", "தொகை_பைசா": 280000, "காரணம்": "டேட்டாபேஸ்_டைம்அவுட்", "முயற்சி": 2, "எடுத்த_மில்லிவினாடி": 5003}

இந்த வடிவத்துக்கு ஜேசான் என்று பெயர். பார்க்க அழகில்லைதான். ஆனால் என்னவெல்லாம் தெரிகிறது, பாருங்கள். இரண்டாவது முயற்சியும் தோற்றிருக்கிறது. 5,003 மில்லிவினாடி என்றால் ஐந்து வினாடிக் கெடு முடிந்து கைவிட்டிருக்கிறது, ஆகவே டேட்டாபேஸ் பதிலே சொல்லவில்லை. 'நிகழ்வு அறை_பதிவு_தோல்வி, நேரம் ஏழு முதல் ஒன்பது வரை' என்று ஒரு கேள்வி கேட்டால், பணம் சிக்கிக்கொண்ட எல்லோருடைய பதிவு எண்ணும் தொகையும் உடனே வந்து விழும். அதில் ஒருவராவது இன்னும் விடுதிக்கு வந்து சேராமல் வழியில் இருக்கலாம். அவரைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லலாம்.

அந்தப் பன்னிரண்டு இலக்க யுபிஐ எண்ணைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த உரிமையைக் கேட்டு வங்கிக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது அந்த எண். நம் லாக்கிலும் அதே எண் இருந்தால் இருவர் சொல்வதும் ஒரே பரிவர்த்தனையைப் பற்றித்தான் என்று காட்டிவிடலாம். வரி எழுதும்போது ஒரு கட்டம் சேர்க்கச் சோம்பல்பட்டால், அதன் சுமை நமக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இப்படி எழுதுவது கணினி வந்த பிறகு யாரோ கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு, பகவதிபுரம் வழியாகச் செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் பாதை 1904-இல் வந்தது. அகலப் பாதையாக்கி 2018-இல் மறுபடி முழுவதும் திறந்தார்கள். மலைக்குள் போகும் ஒற்றைத் தடம். ஒரு தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் மேசையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும், ட்ரெயின் சிக்னல் ரிஜிஸ்டர் என்பார்கள். அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் கேட்ட நேரம், கிடைத்த நேரம், வண்டி எண், புறப்பட்ட நேரம், அங்கே போய்ச் சேர்ந்த நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். 'இன்று மழை, வண்டி கொஞ்சம் தாமதம், பகவதிபுரத்தில் கேட்டுச் சொன்னார்கள்' என்று அங்கே யாரும் கதை எழுதுவதில்லை. பணி மாறி வருகிறவர் கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் தடத்தில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பதிவேட்டின் விதிகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால், தப்பு படிக்கத் தெரியும்படி ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ரப்பர் வைத்துத் தேய்த்த பதிவேடு விபத்து விசாரணையில் சாட்சி சொல்லாது. நம் லாக்கும் அப்படியே, சேர்த்துக்கொண்டு போகலாம், பழைய வரியில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, கடிகாரம். ரயில்வேயில் நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு நேரச் செய்தி கொடுத்து, நிலையக் கடிகாரங்களை ஒன்றுக்கொன்று சரிபார்க்கும் வழக்கம் உண்டு. செங்கோட்டைக் கடிகாரமும் பகவதிபுரக் கடிகாரமும் ஐந்து நிமிடம் மாறி ஓடினால் இரண்டு பதிவேடும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லும். மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் லெவல் கிராசிங் கேட் கீப்பரும் போனில் பேசி உறுதி செய்யும்போது பிரைவேட் நம்பர் என்று ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்வார்கள். அச்சிட்ட தாளிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லி, அதை அடித்துவிடுவார்கள். இருபுறமும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு கேள்வி வந்தால், இந்தப் பதிவேட்டில் இருக்கும் இந்த வரியும் அந்தப் பதிவேட்டில் இருக்கும் அந்த வரியும் ஒரே பேச்சுக்கு உரியவை என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

மேலே காட்டிய வரியில் 'கோரிக்கை எண்' என்று ஒன்று இருந்ததே, அது இந்த வேலையைத்தான் செய்கிறது. இன்றைய செயலி ஒரே நிரல் கிடையாது. முகப்பு ஒரு சர்வர், பணம் ஒரு சர்வர், அறைக் கணக்கு ஒரு சர்வர், குறுஞ்செய்தி இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் லாக்கைத் தனியாக எழுதும். கோரிக்கை உள்ளே நுழையும் வாசலிலேயே ஒரு எண் கொடுத்து, போகிற இடமெல்லாம் அதைக் கைமாற்றிவிட்டால், நாலு லாக்கையும் அந்த எண்ணால் கோத்து முழுக் கதையைப் படிக்கலாம். இந்த எண்ணை எப்படி எழுதி அனுப்புவது என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2020-இல் ட்ரேஸ் கான்டெக்ஸ்ட் என்ற தரத்தையே வெளியிட்டிருக்கிறது. 2019-இல் இரண்டு திட்டங்கள் ஒன்றாகி உருவான ஓப்பன்டெலிமெட்ரியும் அதையே பின்பற்றுகிறது. சொந்தமாக ஒரு முறையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். லாக் உலகத்தின் தாத்தா சிஸ்லாக். 1980-களில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் நிரலுக்காக எழுதியது. அதன் பழைய வடிவத்தை 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்று ஆவணப்படுத்தினார்கள். அதில் நேரம் எப்படி வரும் தெரியுமா? மாதம், தேதி, மணி, நிமிடம், வினாடி, அவ்வளவுதான். ஆண்டு கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. டிசம்பர் 31 இரவு நடந்ததை ஜனவரியில் தேடுகிறவருக்கு அதன் அருமை தெரியும். இரண்டு சர்வர் அமெரிக்காவில், ஒன்று மும்பையில் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 இதைச் சரிசெய்தது. ஆண்டும் நேர மண்டலமும் வந்தன, பெயரும் மதிப்புமாகத் தகவல் எழுத இடமும் வந்தது. நீங்கள் எழுதும் நேரத்தில் +05:30 என்று போடுங்கள், அல்லது யுடிசியில் எழுதி அதைக் குறிப்பிடுங்கள். எதுவும் போடாமல் வெறும் 19:42 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இது இப்போது நம் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவும் இல்லை. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரத்தை ஒத்து வைக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. ஸ்டேஷன் கடிகாரம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆறு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், வாக்கியங்களில் தேடிக்கொண்டிருக்க அவகாசம் ஏது?

தமிழில் மென்பொருள் செய்கிறவர்களுக்கு என்று ஒரு சங்கதி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். 'செங்கோட்டை' என்று எழுதினால் உள்ளே 10 குறியீடுகள், ஆக 30 பைட். பழைய சிஸ்லாக்கில் ஒரு செய்தி 1,024 பைட்டைத் தாண்டக் கூடாது. முகவரியும் குறிப்பும் தமிழில் இருக்கும் ஒரு வரி அந்த எல்லையில் வெட்டுப்பட்டால், வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். அப்புறம் அந்த வரியைப் பிரிக்கும் நிரல் தடுக்கி விழும். இன்னொன்று, பைத்தானின் ஜேசான் நூலகம் தானாக விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஆறு ஆங்கில எழுத்து நீளத்துக்கு மாற்றி எழுதும். செங்கோட்டை அறுபது எழுத்து நீளத்துக்கு ஏதோ மந்திரம் போலத் தெரியும். இயந்திரம் அதைச் சரியாகத் திருப்பிக்கொள்ளும், தவறில்லை. ஆனால் நள்ளிரவில் கண்ணால் தேடுகிறவருக்கு ஊர்ப் பெயர் அகப்படாது. அந்த அமைப்பை மாற்ற ஒரே ஒரு சொல் போதும். தமிழ்ப் பயனாளிகள் இருக்கும் செயலியில் அதை மாற்றியே ஆக வேண்டும் என்பேன்.

ஜேசானில் ஒரு நிகழ்வை ஒரே வரியாக எழுதுங்கள். ஸ்டாக் ட்ரேஸ் நாற்பது வரி வந்தாலும் அது ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். எண்களில் ஒரு எச்சரிக்கை. கூட்டவோ கழிக்கவோ போகிற மதிப்பை மட்டும் எண்ணாக எழுதுங்கள். யுபிஐ எண், தொலைபேசி எண் போன்றவற்றை மேற்கோளுக்குள் எழுத்தாகவே வையுங்கள். முதல் இலக்கம் பூஜ்யமாக வந்தால் எண் வடிவில் அது காணாமல் போய்விடும், பிறகு வங்கிக்காரர் கேட்கும் எண்ணோடு நம்முடையது ஒத்துப் போகாது.

எதை எழுதக் கூடாது என்பதைச் சொல்லாமல் முடித்தால் என் கடமை பாதிதான் முடிந்ததாகும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனாளிகளையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. யாரும் உள்ளே புகுந்து திருடிவிடவில்லை. கடவுச்சொல்லை மறைக்கும் வேலை முடியும் முன்பே அது உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கிலும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் உள்ளே சேமிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களிலேயே இது நடக்கிறது. கட்டம் கட்டமாக எழுதுவதில் இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'கடவுச்சொல்', 'ஓடிபி', 'ஆதார்' என்ற பெயருள்ள கட்டம் எங்கே வந்தாலும் அதை மறைத்துவிடு என்று ஒரே இடத்தில் விதி போடலாம். வாக்கியத்தின் நடுவில் புதைந்திருக்கும் ஆதார் எண்ணை எந்த விதியைப் போட்டுத் தடுப்பது? 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்ட நாட்டில் இருக்கிறோம். விடுதிக்கு வந்தவரின் அடையாள அட்டை எண் லாக்கில் கிடந்தால், அதுவும் நம் பொறுப்பில் இருக்கும் தரவுதான்.

வெளியாள் தட்டச்சு செய்யும் எதையும் நம்பி வாக்கியத்துக்குள் ஒட்டாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை உலகத்தையே உலுக்கியது. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். லாக்கில் எழுதக் கொடுத்த செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுத்து இருந்தால், அந்த நூலகம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளி சர்வரில் போய்த் தேடியது. பெயர்க் கட்டத்தில் அந்த எழுத்தைத் தட்டினால் போதும், சர்வரே அந்நியர் கைக்குப் போகும். கட்டம் பிரித்து எழுதியிருந்தால் மட்டும் அந்த ஓட்டை அடைபட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், நூலகத்தைத் திருத்தித்தான் அடைத்தார்கள். ஆனால் செய்தி வேறு, அதற்குள் வரும் தரவு வேறு என்ற பிரிவு மனதில் பதிந்திருக்க வேண்டியதன் அவசியத்தை அது காட்டியது. சிறிய அளவிலும் இது நடக்கும். பெயரோடு ஒரு வரி முறிவையும் சேர்த்துத் தட்டி, நடக்காத ஒரு நிகழ்வைப் பொய் வரியாக நம் லாக்கில் புகுத்திவிடலாம். ஜேசானாக எழுதும் நூலகம் அந்த வரி முறிவைக் குறியீடாக மாற்றிவிடுவதால் அந்தத் தந்திரம் பலிக்காது.

"எல்லாம் சரி, பத்து வருடமாக ஓடும் செயலி, வாக்கியமாகவே லாக் எழுதிப் பழகியது, எங்கிருந்து ஆரம்பிப்பது" என்று வரும் வழியில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற இறங்கினால் பாதியில் நின்றுவிடும். பணம் போகும் பாதையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைப் நிறுவனத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு கோரிக்கையும் முடியும்போது, அதைப் பற்றி முக்கியமான எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு நீளமான வரி எழுதுவார்கள். யார், எது, எவ்வளவு நேரம், வெற்றியா தோல்வியா, டேட்டாபேஸை எத்தனை முறை கேட்டது, எல்லாம் அதில் இருக்கும். பழைய வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டு இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கருவிகளும் கைவசம் இருக்கின்றன. கோ மொழியில் 2023 ஆகஸ்டில் வந்த 1.21 பதிப்பிலிருந்து ஸ்லாக் என்ற நூலகம் மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் இந்த வேலைக்கு நூலகங்கள் கிடைக்கும்.

கட்டங்களின் பெயரை ஒரே கோப்பில் எழுதி எல்லோரும் அதைப் பார்த்தே எழுதுங்கள். ஒருவர் 'பயனர்_எண்' என்றும் இன்னொருவர் 'வாடிக்கையாளர்_எண்' என்றும் வைத்தால், ஜேசானாக இருந்தும் பழைய குழப்பம் திரும்பிவிடும். நிரலைச் சோதிக்கிற மாதிரி லாக் வரியையும் சோதியுங்கள், தோல்வி நேரத்தில் தொகையும் யுபிஐ எண்ணும் வருகிறதா என்று ஒரு சோதனை எழுதி வையுங்கள். பிறகு அந்தச் செயலியைத் தொட்டே இராத ஒருவரிடம் ஒரே ஒரு வரியைக் காட்டி, யாருடைய பணம், எவ்வளவு, இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டால் அடுத்த பாதைக்குப் போகலாம்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேளுங்கள்.